அறுபது எண்களும் ஒரு ரேடியோவும்

என் தங்கையின் கல்யாணத்தை இருபத்தாறு நிமிடம் நிறுத்தி வைத்தவள் நான். உறவுக்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கையில் கிடைத்த பாதிக்குக் கண், காது, மூக்கு எல்லாம் அவர்களே ஒட்டவைத்துவிடுவார்கள்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்த ஒரு காகிதம் இருக்குமே, பெட்டியைத் திறந்ததும் படிக்காமலே கசக்கிக் குப்பையில் போடுவீர்களே, அந்தக் காகிதத்துக்குப் பிழை திருத்துகிறவள் நான். இருபத்திரண்டு வருடமாக. கதைப் புத்தகத்தில் ஒரு எழுத்து தப்பினால் யாரும் சாகப்போவதில்லை. என் காகிதத்தில் ஒரு புள்ளி காணாமல் போனால், குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய புள்ளி ஐந்து மில்லி, ஐந்து மில்லி ஆகிவிடும். அதனால் எங்கள் அச்சகத்தில் எண்களைக் கண்ணால் மட்டும் சரிபார்க்கக் கூடாது. ஒருவர் ஒரு தாளைப் பார்த்து உரக்க வாசிப்பார். இன்னொருவர் மற்றத் தாளில் ஒவ்வொரு எண்ணின் மேலும் பேனா முனையை வைத்துக்கொண்டே வருவார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூலப்பிரதி சொல்வதுதான் சட்டம். மற்றது எப்போதும் சந்தேகத்துக்குரிய ஆசாமி.

எனக்கு வாசிக்கிறவர் கமா. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. நிறுத்தக்குறிகளையும் சேர்த்து உரக்க வாசித்து வாசித்து, சாதாரணமாகப் பேசும்போதும் அவர் வாயில் கமா வந்துவிடும். “மேடம் கமா டீ சொல்லட்டுமா?” என்பார். தான் அப்படிச் சொன்னது அவருக்கே தெரியாது.

என் தங்கையைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவேன். நாற்பத்தொரு வயதானாலும் எனக்குச் சின்னவள்தான். வேறு ஊரில் ஒரு பெரிய கம்பெனியில், அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் திருடர்களைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். எந்த மெசேஜை நம்பலாம், எதைத் தொடக்கூடாது, எவன் எப்படி வேஷம் போட்டு வருவான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. போன வருடம் வந்திருந்தபோது என் போனில் ஒரு ஆப்பை ஏற்றினாள்.

“இதுல அனுப்பினா நடுவுல யாராலயும் படிக்க முடியாதுக்கா.”

“நமக்குள்ள யாரும் படிக்கக் கூடாத விஷயம் என்னடி இருக்கு?”

“நீ என்னைத் திட்டுறது.”

பிறகு இரண்டு போன்களையும் எதிரெதிரே காட்டினாள். ஒன்றின் திரையில் வந்த புள்ளிக் கட்டத்தை இன்னொன்று படம் பிடித்தது. என் திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு டிக் விழுந்தது. அதற்குக் கீழே அறுபது எண்கள், ஐந்தைந்தாகப் பன்னிரண்டு கூட்டம். இது எங்கள் இருவருக்கும் இடையில் மட்டும் உள்ள எண்ணாம். இரண்டு போனிலும் இது ஒன்றாக இருந்தால் நடுவில் திருடன் இல்லை என்று அர்த்தமாம். அவளுக்கு அந்த டிக்கே போதும். எனக்குப் போதாது. ஒரு மிஷின் இன்னொரு மிஷினைப் பார்த்து ‘சரி’ என்றால் அது அவர்கள் சொந்த விவகாரம். மறுநாள் அச்சகத்தில் கமாவை வாசிக்கச் சொல்லி அறுபது எண்ணையும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். முன்னாலிருந்து ஒரு தரம், பின்னாலிருந்து ஒரு தரம் ஒப்பிட்டோம். அடியில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

ஊருக்குத் திரும்பியவள் எனக்காக ஐந்து விதிகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அனுப்பினாள். ஒன்று, நம்பர் மாறிவிட்டது என்று போன் சொன்னால், மறுபடி சரிபார்க்கும்வரை அந்தப் பக்கம் இருப்பது நான் இல்லை என்று வைத்துக்கொள். இரண்டு, முகத்தையும் குரலையும் மட்டும் நம்பாதே. இப்போது இரண்டையும் மிஷினே செய்கிறது. மூன்று, அவசரப்படுத்துகிறவன் திருடன். நான்கு, சந்தேகம் வந்தால் நம் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேள். ஐந்து, அறுபது எண்ணும் ஒத்துப்போகும்வரை ஒரு துண்டுக் காகிதத்தின் படத்தைக்கூட அனுப்பாதே, நான் அழுதாலும்.

அந்தத் தாளில் மூன்று பிழைகள் இருந்தன. சிவப்புப் பேனாவால் சுழித்து, படம் எடுத்து அவளுக்கே அனுப்பினேன். அவள் ஒரு வாரம் பேசவில்லை. பிழையைப் பிழை என்று சொன்னால் மனிதர்களுக்கு ஏன் மூக்குக்கு மேல் கோபம் வருகிறதோ, தெரியவில்லை. ஆனாலும் தாளை அச்சகத்தில் என் மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டி வைத்தேன், திருத்தங்களோடு.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தச் செவ்வாய்க்கிழமை நான் செய்தது எதுவும் என் சொந்தப் புத்தியில் செய்தது அல்ல. எல்லாம் அவள் எழுதிக் கொடுத்தது.

அன்று மத்தியானம் ஒரு ஜுர மருந்துக் காகிதம் ஓடிக்கொண்டிருந்தது. கமா எடைக் கணக்கை வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி முப்பத்தொரு நிமிடத்துக்குப் போன் உறுமியது. திரையைப் பார்த்தேன். சின்னவளோடு எனக்குள்ள பாதுகாப்பு எண் மாறிவிட்டது என்று ஒரு வரி. டிக்கைக் காணோம். அதற்கடியில் ஒரு மெசேஜ்:

“அக்கா, போன் தண்ணில விழுந்துடுச்சு. இது புது போன். என் பிறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து உடனே அனுப்பு. மூணு மணிக்குள்ள வேணும். யார்கிட்டயும் சொல்லாதே. காரணம் அப்புறம் சொல்றேன்.”

திருடர்களுக்கு ஒரு பாடப்புத்தகம் போட்டால் முதல் பக்கத்தில் இதைத்தான் அச்சடிப்பார்கள். எங்கள் வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் என் மேஜையின் இரும்பு இழுப்பறையில்தான் இருக்கின்றன. வீட்டு அலமாரியைக் கரையான் குத்தகைக்கு எடுத்துவிட்டது. இந்தச் சான்றிதழ் ஒன்று கிடைத்தால் போதும், அவள் பெயரில் சிம் வாங்கலாம், வங்கிக்குப் போகலாம், அவளாகவே நடமாடலாம். அதையும் அவள்தான் சொல்லியிருக்கிறாள்.

எனக்குப் பயம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு வருடமாகச் சுவரில் விதியை ஒட்டிவைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், கடைசியில் வந்துவிட்டான். போனைக் கமாவிடம் காட்டினேன்.

“மேடம் கமா மாட்டிக்கிட்டான்” என்றார்.

‘விதி ஒன்று’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

“அக்கா, இப்ப விளையாடாதே.”

‘விதி மூன்று.’

“அந்த விதியை எழுதினதே நான்தான்!!!”

‘எல்லாத் திருடனும் அப்படித்தான் சொல்லுவான்’ என்று எழுதினேன். உடனே வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தேன். காதுவரை வெட்டிய முடி, அதற்குச் செம்பட்டைச் சாயம், அழுது வீங்கிய மூக்கு. யாரோ ஒரு பெண். என் தங்கைக்கு இடுப்புவரை முடி. இரண்டாவது நொடியில் துண்டித்தேன். முகத்தைச் செய்கிறவன் முடியையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டாமா? வேலையில் ஒரு நேர்மை வேண்டாமா?

அடுத்தது குரல் அழைப்பு. ஸ்பீக்கரைப் போட்டுக் கமாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

“அக்கா, நான்தான்க்கா.” தகரத்தை இழுத்த மாதிரி ஒரு குரல்.

“குரல் சரியில்லையே.”

“தொண்டை கட்டியிருக்கு. மூணு நாளா ஜுரம். முடியை நாலு மாசம் முன்னாடியே வெட்டிட்டேன். நீ கத்துவேன்னு சொல்லல. போதுமா? சான்றிதழை அனுப்பு.”

“நம்பரைப் படி.”

“அப்பாடா! அப்படி வா வழிக்கு. நீ என் பேரைத் தொட்டு உள்ள போய்…”

“எப்படி ஒப்பிடணும்னு எனக்குச் சொல்லித் தராதே. இருபத்திரண்டு வருஷமா இதைத்தான் பண்றேன். படி.”

இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்தேன். மூலப்பிரதி. தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. பேனா முனையை முதல் எண்ணின் மேல் வைத்தேன்.

“ரெண்டு, ஜீரோ, நாலு, ஒண்ணு, ஏழு.”

ஒத்துப்போனது. “சரி கமா” என்றார் கமா.

“எட்டு, ஆறு, ஆறு, மூணு, அஞ்சு.”

அதுவும் ஒத்துப்போனது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, ஆறாவது என்று முப்பது எண்ணும் வரிசையாக ஒத்துப்போயின. எனக்குக் கொஞ்சம் அசடு வழிய ஆரம்பித்தது. அநியாயமாகத் தங்கையைத் திருடனாக்கிவிட்டேனே, எப்படிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டே ஏழாவது கூட்டத்துக்கு வந்தேன்.

“ஒன்பது, ஜீரோ, மூணு…”

“நிறுத்து.”

என் நோட்டில் ஆறு, எட்டு, இரண்டு என்று இருந்தது.

“திருப்பிப் படி.”

“ஒன்பது, ஜீரோ, மூணு, ஏழு, ஏழு. அடுத்தது ஒண்ணு, ரெண்டு, ஆறு…”

அடுத்ததும் தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. ஏழாவதிலிருந்து ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

“ஏம்மா, பாதியைத் திருடி மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கியே, மீதி கிடைக்கலையா?” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு கேவல். “அக்கா, சத்தியமாச் சொல்றேன். எனக்கு இன்னைக்குக் கல்யாணம். பதிவு அலுவலகத்துல நிக்கிறேன். பிறப்புச் சான்றிதழைப் பார்க்காம கையெழுத்துப் போட விடமாட்டேங்கறாங்க. படமாக் காட்டினாப் போதுமாம், அசலை அப்புறம் கொண்டு வரலாமாம். ஆனா மூணு மணிக்கு ஜன்னலை மூடிடுவாங்க. நாளைலேர்ந்து லீவு. அவர் வெள்ளிக்கிழமை கப்பலேறிடுவார், அப்புறம் பத்து மாசம் வரமாட்டார். அனுப்புக்கா, உன் கால்ல விழறேன்.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். இவ்வளவு நேரம் கொஞ்சமாவது நம்பும்படி நடித்தவள், கடைசியில் கோட்டை விட்டுவிட்டாள்.

“என் தங்கைக்குக் கல்யாணம், அது எனக்கே தெரியாது! இதை மட்டும் சொல்லாம இருந்திருந்தா நான் ஏமாந்திருப்பேன். போம்மா, போய் வேற வேலையைப் பாரு.”

துண்டித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். மணி இரண்டு நாற்பத்துமூன்று. கமா எனக்குக் கைகொடுப்பார் என்று பார்த்தேன். அவர் நோட்டையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், அந்தம்மா படிச்சது அவங்க திரையில இருக்கிற நம்பர்.”

“ஆமா, திருட்டு நம்பர்.”

“நீங்க பார்த்தது நோட்டுல இருக்கிற நம்பர்.”

“அதுதானே மூலப்பிரதி?”

“மூலப்பிரதிதான். போன வருஷத்து மூலப்பிரதி. நம்பர் மாறிடுச்சுன்னு போனே சொல்லுது. மாறினதை மாறாததோட வச்சுப் பார்த்தா எப்படி மேடம் ஒத்துப்போகும்? அவங்க திரையில உள்ளதையும் உங்க திரையில உள்ளதையும்தான் பார்க்கணும். உங்க திரையை நீங்க திறக்கவே இல்லையே.”

இத்தனை நீளப் பேச்சில் ஒரு கமாகூட அவர் வாயில் வரவில்லை. அதிலேயே விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் பக்கம் இருப்பது திருடனாகவே இருக்கட்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். திருடன் என்றால் நான் கெட்டிக்காரி. திருடன் இல்லை என்றால் என் தங்கை எனக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொள்கிறாள். அவளுக்குச் சடை பின்னியவள் நான், காலேஜில் சேர்க்கக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள் நான். எனக்குச் சொல்லாமல்.

மறுபடி அழைத்தேன். நான்கு தடவை மணி அடித்த பிறகு ஓர் ஆண் குரல் எடுத்தது.

“வணக்கங்க. அவங்க அழுதுட்டிருக்காங்க.”

“நீங்க யாரு?”

“மாப்பிள்ளைங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “இன்னும் ஆகலைங்க” என்று சேர்த்துக்கொண்டார்.

போன் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு அந்தத் தகரக் குரல். “என்ன, போலீஸுக்குச் சொல்லிட்டியா?”

“நோட்டை வச்சு ஒப்பிட்டுட்டேன்” என்றேன். “பழைய நோட்டு.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “அக்கா, அறுபதுல முப்பது உன்னோடது, முப்பது என்னோடது. போனை மாத்தினா அவங்கவங்க பாதி மாறும். உன் பாதி அப்படியே இருக்கு, அதான் ஆறு வரைக்கும் ஒத்துப்போச்சு. என் பாதிதான் மாறிடுச்சு. நீ எப்பவுமே இப்படித்தான், பழைய நோட்டை வச்சுக்கிட்டு என்னைத் தப்புன்னு சொல்லுவ. நம்பர்ல மட்டும் இல்ல.”

சுருக்கென்றது. கமா சுவரில் எதையோ படிக்கிறவர்போலத் திரும்பிக்கொண்டார். சுவரில் இருந்தது அவளுடைய ஐந்து விதிகள்தான்.

“சரி, இப்பவே அனுப்பிடறேன்” என்று இழுப்பறையை இழுத்தேன்.

“அனுப்பாதே!” என்று கத்தினாள். “விதியை உடைக்காதே. என் குரல் எனக்கே அடையாளம் தெரியல, நீ எப்படி நம்பலாம்? முதல்ல கேள்வி கேளு, விதி நாலு. அப்புறம் நம்பர், விதி அஞ்சு. அதுக்கப்புறம் அனுப்பு. நான் எத்தனை பேருக்குப் பாடம் எடுக்கிறேன், என் அக்காவே இப்படி ஏமாந்தா எனக்கு அசிங்கம்.”

கழுத்துக்குக் கத்தி வந்தாலும் பாடம் எடுக்கிற புத்தி போகாது. அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது, இது என் தங்கைதான். உலகத்தில் வேறு யாரும் தன் கல்யாணத்துக்குப் பதினொரு நிமிடம் இருக்கும்போது இப்படிப் பேச மாட்டார்கள். ஆனால் விதி விதிதான். எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் அப்படி ஒன்றும் அகப்படவில்லை. எங்கள் குடும்பத்தில் ரகசியம் தங்காது. அவள் மூக்கில் பட்டாணி மாட்டிக்கொண்டது, நான் கணக்கில் பூஜ்யம் வாங்கியது, எல்லாம் நாலாவது தெரு அத்தைக்கும் தெரியும். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்கக் கூடாது என்று மனசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் கேட்டுவிட்டது.

“அப்பாவோட ரேடியோவை மாடியிலேர்ந்து கீழ போட்டது யாரு?”

முப்பத்துநாலு வருடத்துக்கு முந்தைய கதை. எனக்குப் பதினொன்று, அவளுக்கு ஏழு. அப்பா உயிரையே வைத்திருந்த ரேடியோ மொட்டைமாடிச் சுவரிலிருந்து கீழே விழுந்து சுக்குநூறாகிவிட்டது. சின்னவள்தான் தள்ளினாள் என்று எல்லாருக்கும் தெரியும். அத்தைக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும், எதிர்வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். தண்டனையாக அப்பா அவளைப் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்கு அனுப்பவில்லை. துறைமுகத்தில் கப்பல் பார்க்கக் கூட்டிப்போன சுற்றுலா. அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஊரில் யாரைக் கேட்டுக்கொண்டு எந்தத் திருடன் வந்தாலும், ‘நான்தான் போட்டேன்’ என்றுதான் சொல்லுவான்.

“நீ” என்றாள் சின்னவள்.

நான் பேனாவை மூடினேன்.

“கம்பியை இழுத்துப் பாட்டு வரவைக்கிறேன்னு சுவர் மேல வச்சது நீ. கை தவறினதும் நீ. அப்பா மேல வர்றதுக்குள்ள என்னைக் கை காட்டினதும் நீ. நான் அப்பவும் சொன்னேன், யாரும் நம்பல. நீ தப்பே பண்ண மாட்டியாம். சொல்லு, நான் சொன்னது சரியா, தப்பா?”

இந்தக் கேள்விக்கு முப்பத்துநாலு வருடமாக ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறேன். வீட்டில் பேச்சு வரும்போதெல்லாம், ‘போடி, நீதான் தள்ளின’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. இப்போதும் ‘தப்பு’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“தப்புன்னு சொன்னா நான் உன் தங்கை இல்ல” என்றாள். “போனை வச்சுட்டுப் போயிடறேன். விதி நாலு.”

சுவரில் மணி இரண்டு ஐம்பத்தொன்று. கமா கடிகாரத்தையும் என்னையும் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக என் முன்னால் வந்த ஒரு தாளையும் பிழையோடு வெளியே அனுப்பியதில்லை என்று அவரிடம்தான் அடிக்கடி பீற்றிக்கொள்வேன்.

“சரி” என்றேன்.

“கேக்கல.”

“சரின்னு சொன்னேன்டி! நான்தான் போட்டேன். நான்தான் பொய் சொன்னேன். உன்னைக் கப்பல் பார்க்க விடாமப் பண்ணினதும் நான்தான். போதுமா?”

அவள் சிரித்தாள். கட்டிய தொண்டையில் அது இருமல் மாதிரிதான் வந்தது. “பரவாயில்ல. இப்பக் கப்பல்காரரையே கட்டிக்கிறேன்.”

“ஏன்டி என்கிட்ட சொல்லல?” என்றேன்.

“இதுக்கு முன்னாடி நாலு பேரை உன்கிட்ட கூட்டிட்டு வந்தேன். ஒருத்தர் ‘அதாவது, அதாவது’ன்னு பேசறார்னு சொன்ன. ஒருத்தர் கால் ஆட்டறார்னு சொன்ன. ஒருத்தருக்கு நகம் அழுக்குன்னு சொன்ன. நாலாவது ஆளைப் பத்தி நீ என்ன சொன்னேன்னு உனக்கே ஞாபகம் இருக்காது. நீ சொன்னதும் எனக்கும் அதுதான் கண்ணுல படும், அப்புறம் ஆளே கண்ணுல படாது. இவரை எனக்குப் பிடிச்சிருக்குக்கா. இவரையும் நீ சிவப்புல சுழிச்சா எனக்குத் தாங்காது.”

நாலாவது ஆளைப் பற்றி என்ன சொன்னேன் என்று நிஜமாகவே ஞாபகம் வரவில்லை.

“நம்பரைப் படி” என்றேன். “நேரமாகுது.”

இந்தத் தடவை நோட்டை மூடிவைத்துவிட்டு என் போனின் திரையைத் திறந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் வாசிக்க வாசிக்க, திரைக் கண்ணாடியின் மேல் மூடி போட்ட பேனாவை ஒவ்வொரு எண்ணாக நகர்த்தினேன். ஆறு கூட்டம் என்னுடையது, நகராமல் அப்படியே இருந்தது. ஏழாவது கூட்டம் ஒன்பது, ஜீரோ, மூன்று, ஏழு, ஏழு. என் திரையிலும் ஒன்பது, ஜீரோ, மூன்று, ஏழு, ஏழு. எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது, பதினொன்றாவது கூட்டம் எல்லாம் சரி. பன்னிரண்டாவதில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. முதலிலிருந்து அந்தக் கூட்டத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். திட்டிக்கொண்டே வாசித்தாள்.

“முற்றுப்புள்ளி” என்றார் கமா.

திரையைத் தொட்டேன். டிக் விழுந்தது.

சான்றிதழை எடுத்து மேஜையில் விரித்தேன். காகிதம் சுருண்டதில் முதல் படம் மங்கிவிட்டது. கமா இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டார். இரண்டாவது படத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டு அனுப்பினேன். இரண்டு ஐம்பத்தேழு. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஜுர மருந்தை எடுத்து வைத்துக்கொண்டோம், ஒரு வரிகூட ஓடவில்லை. மூன்று மணி ஆனது. மூன்று பத்தானது. ஜன்னலை மூடிவிட்டார்களோ, ரேடியோவைப் போலவே கல்யாணத்தையும் நான் கீழே போட்டுவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொண்டது. கமா டீ வாங்கி வந்து வைத்தார். அது அப்படியே ஆறிப்போனது.

மூன்று இருபத்திரண்டுக்கு ஒரு படம் வந்தது. ஒரு நீல மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். என் தங்கை செம்பட்டை முடியோடு, வீங்கிய மூக்கோடு, இரண்டு கையாலும் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சிரித்து நான் எத்தனை வருடம் முன் பார்த்தேன் என்று நினைவில்லை. பக்கத்தில் கப்பல்காரர். அகலமான முகம், நல்ல மனுஷன் மாதிரி இருந்தார். நான் அழுதுவிட்டேன். கமாவும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் படத்தை மறுபடி பார்த்தேன். தொழில் புத்தி எங்கே போகும்? மாப்பிள்ளை சட்டைப் பட்டனை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். கழுத்தில் ஒரு பக்கம் ஏறி, கீழே ஒரு பட்டன் அனாதையாக நின்றது. கல்யாணப் படம். வாழ்நாள் முழுக்கச் சுவரில் தொங்கப்போகிற படம்.

விரல் தானாக எழுத ஆரம்பித்தது. ‘பட்டன்’ என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன். ‘ரெண்டு பேரும் ரொம்ப நல்லா இருக்கீங்க’ என்று எழுதி, என் கையை நானே நம்பாமல் சட்டென்று அனுப்பிவிட்டுப் போனைக் கமாவிடம் கொடுத்துவிட்டேன்.

ஐந்து நிமிடம் கழித்துக் கமா போனைத் திருப்பி நீட்டினார். “மேடம் கமா உங்களுக்குத்தான்.”

“அவ்வளவுதானா?” என்று கேட்டிருந்தாள்.

‘அவ்வளவுதான்’ என்றேன்.

“அவர் சட்டையைப் பார்த்தியா?”

‘பார்த்தேன்.’

“பட்டனைப் பார்த்தியா?”

‘பார்த்தேன். நல்லா இருக்கு.’

பிறகு, “யாரு நீ? அக்கா போனை யார் வச்சிருக்கீங்க?” என்று வந்தது.

நான் பதில் எழுதுவதற்குள் அழைப்பு வந்துவிட்டது. எடுத்தேன். பின்னால் அந்த மனுஷன், “என்னாச்சு, பட்டனுக்கு என்ன?” என்று கேட்பது காதில் விழுந்தது.

“நம்பரைப் படி” என்றாள் சின்னவள்.

“அடியே, உனக்குக் கல்யாணம் ஆகி முழுசா அரை மணி நேரம் ஆகல…”

“விதி ரெண்டு. படி.”

கமா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். திரையைத் திறந்து, இரண்டு, ஜீரோ, நாலு என்று ஆரம்பித்தேன். என் பாதியை ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். அவள் பாதிக்கு வந்து ஒன்பது என்றேன். அடுத்த எண்ணுக்குக் குரல் வரவே இல்லை. வந்தபோது அது யார் குரலோ மாதிரி இருந்தது.

“குரல் சரியில்லையே” என்றாள். “நீதானா?”

“நான்தான்டி” என்றேன். “படிக்க விடு.”